சுருக்கிக் காட்டாத கண்ணாடி

வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு பொட்டல் வரும். ஒரு வருஷத்துக்கு முன்பு வரை அங்கே ஆடுகள் வரும். புல் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஆட்டுக்கு அந்த அளவு புத்தி உண்டு. இப்போது அமாவாசைக்கு அமாவாசை அதே பொட்டலில் நானூறு வண்டி நிற்கிறது.

ஷேர் ஆட்டோ, மினி பஸ், பால் வண்டி, டிப்பர் லாரி, கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் கார், தவணை கட்டி முடியாத ஸ்கூட்டி. போன மாதம் ஒரு ரோடு ரோலர்கூட வந்தது. ரோடு ரோலரைப் பின்னால் வந்து முட்டுகிற தைரியம் எந்தக் கண்டத்துக்கும் கிடையாது. ஆனாலும் அதன் டிரைவர் பயந்த சுபாவம். எல்லாரும் கண்ணாடிச் சித்தரைப் பார்க்க வந்தவர்கள்.

சித்தர் என்றதும் மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருஷம் முன்பு வரை அவர் பெயர் முகேஷ். டிரெஸ்ஸிங் டேபிளுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஜனங்கள் செல்போனிலேயே முகம் பார்க்க ஆரம்பித்ததும் கடை படுத்துவிட்டது. விற்காத கண்ணாடி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு மூன்று மாதம் யோசித்தார். இந்தக் கதையில் வருகிறவர்களில் அவ்வளவு நேரம் யோசித்தவர் அவர் ஒருவர்தான், அதை மறைக்கக் கூடாது.

யோசித்து முடித்ததும் தாடி வளர்த்தார், மைக் பிடித்தார்.

"அன்பர்களே! கம்பெனிக்காரன் உங்க வண்டியில சைடு கண்ணாடி மாட்டி விட்டிருக்கானே, அதைத் தடவிப் பாத்திருக்கீங்களா? தடவிப் பாருங்க. லேசா வெளிய உப்பியிருக்கும். உப்புன கண்ணாடி எதையும் சுருக்கித்தான் காட்டும். உங்களுக்குப் பின்னால யாரு வாரா? மகாலட்சுமி வாரா! யானையோட வாரவளை எலி சைசுக்குச் சுருக்கிட்டா, வீடு வந்து சேர்றது எம்புட்டு?"

"எலி சைசு!" என்றது கூட்டம்.

"அந்தக் கண்ணாடியிலயே அடியில இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். படிச்சவுக பாருங்க. இதுல தெரியிறது வேற, நெசத்துல இருக்கிறது வேறன்னு போட்டிருக்கும். பொய் சொல்றேன்னு அவனே எழுதிக் குடுத்துட்டான்!"

படித்தவர்கள் பார்த்தார்கள். எழுதித்தான் இருந்தது. கண்ணாடியில் தெரிவதைவிட வண்டி பக்கத்தில் இருக்கும், ஜாக்கிரதை என்று எச்சரித்திருந்தான். ஒரு பி.இ. பட்டதாரி அதை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் நின்றவரிடம், "சாமி சொன்னது கரெக்ட்டுண்ணே" என்றார்.

அடுத்தது அற்புதம். சித்தரின் சீடன் சிவபாண்டி ஓர் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் பிடிப்பான். கம்பெனிக் கண்ணாடியில் அது நெல்லிக்காய் அளவு தெரியும். சித்தர் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்து, தன்னுடைய கண்ணாடியைக் காட்டுவார். அதில் எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழமாகவே தெரியும்! பெண்கள் குலவை போடுவார்கள். அவர்கள் வீட்டு பீரோக் கண்ணாடியிலும் எலுமிச்சம்பழம் அப்படித்தான் தெரியும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பூசை போட்ட சமக் கண்ணாடி, அதாவது உப்பாத தட்டைக் கண்ணாடி, ஒரு ஜோடி இரண்டாயிரத்து ஐந்நூறு. கம்பெனிக் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் சித்தரே தன் கையால் ஒட்டிக் கொடுப்பார்.

உக்கிரபாண்டி இந்தக் கண்ணாடிக்கு ஆட்பட்டது தை மாதத்தில். ஆனையூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பெயரில்தான் உக்கிரம், பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, பூனை திரும்பி வரும்வரை காத்திருப்பான். அந்த மாதம் இரண்டு பஞ்சர், ஒரு பேட்டரி, கிளட்ச் வேறு. மச்சினனும் பேசுவதை நிறுத்திவிட்டான். உக்கிரபாண்டியின் மனைவி தாமரைச்செல்விதான் சித்தரைப் பற்றி வாட்சப்பில் வந்ததைக் காட்டினாள்.

சித்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, வண்டி அடிக்கடி படுக்குதோ?"

உக்கிரபாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டியோடு வந்து நிற்கிறவனிடம் வேறு என்ன கேட்பார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்படியே காலில் விழுந்தான். இரண்டு பக்கமும் சமக் கண்ணாடி ஏறியது. பின்பக்கக் கண்ணாடி முழுக்க, 'கண்ணாடிச் சித்தர் துணை' என்று பெரிய ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார்கள். இனி பின்னால் சித்தரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"சாமி, இதுல ரோடு கொஞ்சம் கம்மியாத் தெரியுதே?"

"கம்மியாவா? ஒரு பைக்கு பின்னாடி வரும், கண்ணாடியில தெரியும். கிட்ட வரவர, படக்குனு காணாமப் போயிரும். அது பைக்கு இல்ல தம்பி, உன் கண்டம். சமக் கண்ணாடி அதை முழுங்கிருச்சுன்னு அர்த்தம்."

அன்று பொட்டலிலிருந்து ஆனையூர் போய்ச் சேருவதற்குள் உக்கிரபாண்டி பதினோரு கண்டங்களைத் தாண்டினான். ஒவ்வொன்றும் கண்ணாடியில் தெரிந்தது, கிட்டே வந்தது, காணாமல் போனது. அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். காணாமல் போன கண்டங்கள் பக்கவாட்டில் ஹாரன் அடித்தன. ஒரு கண்டம் ஹெல்மெட்டைக் கழற்றி அவனுடைய அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனது. அதைக்கூட அவன் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டான்.

அந்த வேனில் ஒச்சாயி என்று ஓர் ஆயா உண்டு. ஐம்பத்தைந்து வயது. வேனில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒவ்வொன்றையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, தாய் கையில் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. கொடுத்துவிட்டு வேனின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி நகரும்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஆனையூரில் ஒரு முட்டுச் சந்து. ஒச்சாயி ஒரு சிறுமியை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வேனை நோக்கி நடந்து வந்தாள். அவள் இன்னும் தட்டவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாயைத் தட்டினார்கள். உக்கிரபாண்டி அதைத் தன் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு இடது கண்ணாடியைப் பார்த்தான். சந்து துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ரிவர்ஸ் போட்டு இடப்பக்கம் ஒடித்தான்.

ஒச்சாயி சாக்கடையில் குதித்தாள். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். அவள் கையிலிருந்த டிபன் தூக்கு பின் சக்கரத்தில் மாட்டித் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது.

"அடேய் வெளங்காதவனே! கண்ணு பொடதியிலயா இருக்கு?"

"அக்கா... நீங்க கண்ணாடியிலயே தெரியலக்கா!"

உக்கிரபாண்டி இறங்கி ஓடி வந்து சக்கரத்தடியில் பார்த்தான். அரை நிமிஷம் முன்னால் அதே இடத்தில் ஒச்சாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி நடந்தது ஞாபகம் வந்தது. அந்த நினைப்போடு அவனைத் தனியே விட்டிருந்தால் புத்தி வந்திருக்கும். ஆனால் வீட்டுக்குப் போனான், தாமரைச்செல்வியிடம் சொன்னான், அவள் சித்தருக்குப் போன் போட்டாள்.

"ஆஹா!" என்றார் சித்தர் போனில். "அந்த அம்மாவுக்கு உயிர்க் கண்டம் இருந்திருக்கு. சமக் கண்ணாடி அதை ஒரு டிபன் தூக்கோட முடிச்சு விட்டுருச்சு. நசுங்குன தூக்கை எடுத்துக்கிட்டு அமாவாசைக்கு வாங்க. அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, மேடையில சால்வை போடுவோம்."

ஆளை ஏற்றிக் கொல்லப் பார்த்த கண்ணாடிக்கு, ஆளைக் காப்பாற்றியதாகப் பேர். தாமரைச்செல்வி அன்றே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். தெருவிலிருந்து மேலும் ஆறு வண்டி சித்தரிடம் போனது.

ஒச்சாயி வாதாடிப் பார்த்தாள். "குதிச்சது நானு. என் காலு. அதுக்குச் சால்வையக் கண்ணாடிக்குப் போடுவியாடா?"

"அக்கா, உங்களைக் குதிக்க வச்சது யாரு?" என்றான் உக்கிரபாண்டி பக்தியோடு.

"உன் வண்டிடா!"

சொல்லிப் பயனில்லை. நாளைக்கு அதே வேனில் இருபத்திரண்டு பிள்ளைகளை அவள் ஏற்றி இறக்க வேண்டும். தான் குதித்துவிடலாம், எல்.கே.ஜி. பிள்ளை குதிக்குமா? ஒச்சாயி நேராக கே.கே. நகருக்கு பஸ் ஏறினாள். அங்கே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் விக்டோரியா. ஊரில் பாதி டிரைவர்களுக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்தவர், உக்கிரபாண்டி உட்பட. எல்லாருக்கும் அவர் டீச்சர்.

"நீங்கதானே இவனுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தீக? வந்து கேளுங்க" என்றாள் ஒச்சாயி.

விக்டோரியா கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "நான் கியர் போடச் சொல்லிக் குடுத்தேன். மூளைய நியூட்ரல்ல போடச் சொல்லிக் குடுக்கலியே" என்றார். அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய கம்பெனிக் கண்ணாடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பொட்டலில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். மேடையில் நசுங்கிய டிபன் தூக்கு, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பட்டுத்துணி மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சித்தரின் கட்-அவுட், கை தூக்கி, புன்னகையோடு ஆசீர்வதித்தபடி. ஒச்சாயிக்குச் சால்வை போட்டு மைக்கை நீட்டினார்கள்.

"நான் குதிச்சேன்" என்றாள் அவள். "அம்புட்டுத்தான்."

கூட்டம் கை தட்டியது. "எம்புட்டு அடக்கமாப் பேசுது பாருங்க" என்றார் சித்தர்.

அப்போதுதான் விக்டோரியா முன்னால் வந்தார். "சாமி, சின்னதா ஒரு சந்தேகம். இந்த உக்கிரபாண்டி வேன்ல உக்காந்து, உங்க கண்ணாடியப் பாத்து, பத்தடி ரிவர்ஸ் எடுத்துக் காட்டுவீங்களா? அன்னைக்கு இவன் எடுத்த மாதிரியே, இடப்பக்கம் ஒடிச்சு."

சிவபாண்டி எகிறினான். "நீங்க கிறிஸ்தவக. எங்க சாமியச் சோதிக்க வந்துருக்கீகளா?"

"எங்க சபையிலயும் ஒருத்தர் ஜெப எண்ணெய் தடவுன வண்டிச் சாவி வித்தாரு தம்பி. பிரேக் பிடிக்காத வண்டி அந்தச் சாவிக்கு நிக்குமான்னு கேட்டேன். ஆறு மாசமா அங்க எங்கூட யாரும் பேசுறதில்ல. இங்க எம்புட்டு மாசம்னு பாப்போம்."

சித்தருக்கு வேர்த்தது. "சித்தர்கள் வண்டி ஓட்டுவதில்லை" என்று செந்தமிழுக்கு மாறினார். அவர் தப்பித்திருப்பார். அவரை மாட்டிவிட்டவர்கள் அவருடைய பக்தர்களேதான்.

"காட்டுங்க சாமி!" என்றான் ஷேர் ஆட்டோ அழகுபாண்டி. "இந்த டீச்சரம்மா வாய அடைங்க!"

"சாமி கண்ணை மூடிக்கிட்டே எடுப்பாரு!" என்றது ஒரு குரல். நாலு பேர் சித்தரை அப்படியே தூக்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கடை வைத்திருந்த காலத்தில் லோடு ஆட்டோ ஓட்டியவர்தான் அவர். வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தார்.

விக்டோரியா கூட்டத்தை நாலு பக்கமும் தள்ளி நிறுத்தினார். பிறகு மேடையிலிருந்த கட்-அவுட்டைத் தூக்கி வரச் சொன்னார். அழகுபாண்டியும் இன்னொருவரும் அதை வேனுக்குப் பின்னால், இடது ஓரத்தில், அன்றைக்கு ஒச்சாயி வந்துகொண்டிருந்த இடத்தில் நட்டார்கள். நானூறு வண்டிக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. சாமிக்குத் தெரியாமலா இருக்கும்?

"சாமி, இடப்பக்கம் என்ன தெரியுது?" என்று விக்டோரியா டிரைவர் ஜன்னலோரம் நின்று கேட்டார்.

சித்தர் சமக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். தூரத்தில் ஒரு மின்கம்பம், அதன் கீழ் வெறும் மண். அவருக்கு உயிர் வந்தது. கழுத்திலிருந்த மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"வெட்டவெளி! பாதை சுத்தமாக இருக்கிறது. எந்தக் கண்டமும் இல்லை!" ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"நல்லாப் பாருங்க."

"சித்தன் வாக்கு, ஒரே வாக்கு!"

ரிவர்ஸ் போட்டு ஒடித்தார். 'மடார்' என்றது. கட்-அவுட்டின் மரச்சட்டம் முறிந்தது, சித்தரின் ஆசீர்வாதம் மல்லாந்தது. பின் சக்கரம் தாடியின் மேல் ஏறி, அந்தப் புன்னகையைத் தாண்டி, நெற்றியில் போய் நின்றது.

பின்வரிசையில் ஒரு மூதாட்டி, "சாமி கண்டம் கழிஞ்சிருச்சு!" என்று குலவை போட்டாள். பழக்கதோஷத்தில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்து போட்டார்கள்.

விக்டோரியா குலவை முடியும்வரை பொறுத்தார். "உக்கிரபாண்டி, இப்ப நீ ஏறு" என்றார். சித்தரை இறக்கிவிட்டு அவன் ஏறினான். ஒடிந்த கட்-அவுட்டை இழுத்துப் போட்டார்கள், அவன் வேனைப் பழைய இடத்தில் நிறுத்தினான், கட்-அவுட் நின்ற இடத்தில் ஒச்சாயி போய் நின்றாள்.

"சாவியத் தொடாதே. சாமி கண்ணாடியப் பாரு. ஒச்சாயியக்கா தெரியுதா?"

"இல்ல டீச்சர்."

விக்டோரியா வேனின் இடப்பக்கம் போய், பையிலிருந்த உப்பிய கண்ணாடியை எடுத்து, சமக் கண்ணாடியின் மேலேயே வைத்துப் பிடித்தார். "இப்ப?"

அவன் பார்த்தான். மின்கம்பம் இருந்தது, அழகுபாண்டி இருந்தான், ஒரு மாடு இருந்தது, நாலு ஷேர் ஆட்டோ இருந்தன. வேனின் ஓரத்தை ஒட்டி, சால்வையைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஒச்சாயி இருந்தாள். சுண்டுவிரல் அளவுதான். ஆனால் இருந்தாள். கண்ணாடியை எடுத்தார், அவள் இல்லை. வைத்தார், இருந்தாள்.

"எல்லாத்தையும் உள்ள அடக்கணும்னுதான்யா சுருக்கிக் காட்டுது" என்றார் விக்டோரியா. "ஒத்தை எலுமிச்சம்பழத்தைப் பெருசாப் பாக்குறதுக்கு, பக்கத்துல நிக்கிற ஆளை அழிச்சிட்டாரு உங்க சாமி."

உக்கிரபாண்டி மனதுக்குள் ஒச்சாயி நின்ற இடத்தில் அந்தச் சிறுமியை வைத்துப் பார்த்தான். ஒரு மாதமாகத் தினம் இரண்டு வேளை இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்தக் குருட்டுக் கண்ணாடியோடு ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. பயத்தில் அவனுக்கு அழுகை வந்தது. வண்டியிலேயே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, விக்கி விக்கி அழுதான். பிறகு இறங்கி ஸ்பானரை எடுத்து, ஒட்டியிருந்த சமக் கண்ணாடியை நெம்பினான்.

இதற்குள் ஒச்சாயி மேடைக்குப் பின்னால் போயிருந்தாள். அங்கே சித்தரின் பெரிய வெள்ளைக் கார் நின்றது. அதன் சைடு கண்ணாடி இரண்டையும் மஞ்சள் துணி போட்டு மூடியிருப்பார்கள். கண்ணாடியில் தேவதைகள் குடியிருக்கிறார்கள், பார்த்தால் கண் போய்விடும் என்று சொல்வான் சிவபாண்டி. ஒச்சாயி துணி இரண்டையும் உருவினாள். தடவிப் பார்த்தாள்.

"யாத்தே! இங்க வந்து பாருங்கய்யா! சாமி கண்ணாடியும் உப்பித்தான் இருக்கு!"

கம்பெனிக் கண்ணாடி. அடியில் இங்கிலீஷ் எழுத்துகூட அப்படியே இருந்தது.

"சாமி, இது என்ன சாமி?" என்று அழகுபாண்டி கேட்டான். குரலில் இப்போது பழைய மரியாதை இல்லை.

"அது... என் பாவங்களைச் சுருக்குவதற்காக" என்றார் சித்தர், காருக்குள் ஏறிக்கொண்டே. சொல்லும்போதே சிவபாண்டி ஸ்டியரிங்கில் இருந்தான். நானூறு வண்டிக்கும் ஜனக் கூட்டத்துக்கும் நடுவே, இரண்டு உப்பிய கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, யார் மேலும் உரசாமல், காரை நூறடி ரிவர்ஸிலேயே எடுத்து ரிங் ரோட்டில் ஏற்றினான். அவ்வளவு சுத்தமான ரிவர்ஸைத் தன் டிரைவிங் ஸ்கூலில்கூடப் பார்த்ததில்லை என்று விக்டோரியா பிறகு சொன்னார்.

கூட்டம் கொஞ்ச நேரம் திட்டியது. பிறகு மெல்ல மெல்ல விக்டோரியா பக்கம் திரும்பியது. அழகுபாண்டி முதல் ஆளாக வந்து, பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பால் வண்டிக்காரர். அவருக்குப் பின்னால் அந்த ரோடு ரோலர் டிரைவர். பார்க்கப் பார்க்க வரிசை நீண்டுவிட்டது.

"என்னப்பா?" என்றார் விக்டோரியா.

"அந்த உப்புன கண்ணாடிய உங்க கையால தொட்டுக் குடுங்க டீச்சர்" என்றான் அழகுபாண்டி. "உங்களுக்குக் கை ராசி இருக்கு. சித்தரையே ஓட்டிட்டீங்க." கையில் கற்பூரம் வேறு வைத்திருந்தான்.

விக்டோரியா கண்ணாடியை அவசரமாகப் பைக்குள் போட்டார். நெம்பிய கண்ணாடியோடு நின்ற உக்கிரபாண்டிதான் பேசினான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"மாப்ள, அதுக்கு ராசி கெடையாது, பூசை கெடையாது. உள்ள உக்காந்து பக்கத்துல யாரு நிக்கிறான்னு பாரு. தெரிஞ்சா நல்ல கண்ணாடி. தெரியலையா, அதை எந்தச் சாமி குடுத்தாலும் கழட்டிக் கீழ போடு. டீச்சர் சொன்னாகன்னும் நம்பாத. நீ ஏறி உக்காந்து நீ பாரு."

அழகுபாண்டி கற்பூரத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். அரை மனதோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். வரிசையில் நின்ற மற்றவர்கள் நகரவில்லை.

பின்னால் வருகிறவனைக் காட்ட வண்டிக்கு இரண்டு கண்ணாடி மாட்டி அனுப்புகிறார்கள். முன்னால் நின்று மைக்கில் பேசுகிறவன் யார் என்று பார்க்க எந்தக் கம்பெனியும் எதையும் மாட்டித் தருவதில்லை ஐயா, அதற்குச் சொந்தத் தலையைத்தான் உபயோகிக்க வேண்டும்.